கருவி விளக்கத்தில் விட்டுப்போனதை மாடல் ஊகித்து நிரப்பும்

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். குளச்சல், முட்டம் பகுதி மீனவர்களும் குலசேகரம் பக்கத்து ரப்பர் விவசாயிகளும் வாட்ஸ்அப்பில் தமிழில் கேட்டால் வானிலை முன்னறிவிப்பைச் சொல்லும் ஏஐ ஏஜென்ட் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். ஏஐ மாடலை வெளிக் கருவிகளுடன் இணைப்பதற்கான பொது நெறிமுறையான எம்சிபியின் பயிற்சிப் பாடத்தில் வரும் வானிலை எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு, அதனுடன் ஓபன்-மீட்டியோ என்ற வானிலைத் தரவுச் சேவையின் ஏபிஐயை (நிரல் வழியாகத் தரவு பெறும் வாயிலை) இணைத்தோம். மாடல் தேவைக்கேற்ப அழைக்கும் மூன்று கருவிகள் இருக்கின்றன. ‘கெட் வெதர்’: வானிலையைத் தரும். ‘கெட் ஃபோர்காஸ்ட்’: முன்னறிவிப்பைத் தரும். ‘கெட் அலர்ட்ஸ்’: மாநிலக் குறியீட்டுக்கான எச்சரிக்கைகளைத் தரும். சோதனையில் பல குளறுபடிகள். ‘நாளை அதிகாலை 3 மணிக்குக் காற்று எப்படி?’ என்றால் வேறு நாளின் காற்றைச் சொல்கிறது. முட்டம் என்று கேட்டால் கேரளத்து முட்டத்துக்குப் போய்விடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குமரிக்கடலில் மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருந்த நாளில் ‘எச்சரிக்கை ஏதும் இல்லை, கடலுக்குப் போகலாம்’ என்று பதில் தந்தது. இன்னும் பெரிய மாடலுக்கு மாற வேண்டுமா, அல்லது பிராம்ப்ட்டில் (மாடலுக்குத் தரும் அறிவுறுத்தலில்) விதிகளைக் கூட்ட வேண்டுமா?

– வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டும் இப்போது வேண்டாம். உங்கள் மூன்று கருவிகளின் விளக்கங்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் பத்துச் சொற்கள் வரவில்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது. மாடல் உங்கள் நிரலைப் படிப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல், பிறகு கருவி திருப்பித் தரும் விடை, இவ்வளவுதான் அதன் கண்ணுக்குத் தெரியும். எந்த ஊருக்கு, எந்த நேரக் கணக்கில், எந்த அலகில் என்று நீங்கள் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றையும் அது பொதுவான ஊகத்தால் நிரப்பிக்கொள்ளும். பெரிய மாடல் இன்னும் நயமாக ஊகிக்கும். படிப்பவருக்கு அது ஊகம் என்று கூடத் தெரியாது.

முதலில் ஓர் அவசர வேலை. ‘கெட் அலர்ட்ஸ்’ கருவியை இன்றே நிறுத்திவிடுங்கள். அந்தப் பயிற்சிப் பாடத்தின் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவையை நம்பி எழுதப்பட்டது. அங்கே கேட்கப்படும் இரண்டெழுத்துக் குறியீடு அமெரிக்க மாநிலத்துக்கு உரியது. ‘அமெரிக்க’ என்ற சொல் மூல விளக்கத்தில் இருக்கிறது. நீங்கள் சுருக்கி எழுதும்போது விழுந்துவிட்டது. மாடல் என்ன செய்யும்? குளச்சல் தமிழ்நாட்டில் இருக்கிறது, தமிழ்நாட்டின் குறியீடு டிஎன் என்று நியாயமாகவே முடிவு செய்து அனுப்பும். அமெரிக்கப் பட்டியலில் டிஎன் என்பது டென்னசி. அன்றைக்கு டென்னசியில் எச்சரிக்கை இல்லை. உங்கள் மீனவருக்கு ‘எச்சரிக்கை ஏதும் இல்லை’ என்று பதில் போனது. இதில் மாடல் பிசகியதாக ஓர் இடத்தையும் என்னால் சுட்ட முடியவில்லை. அதன் கையில் இருந்த தகவலுக்கு அது செய்தது சரி.

அதே எடுத்துக்காட்டில் இன்னொரு வாக்கியத்தையும் பாருங்கள். எச்சரிக்கையைப் பெறுவதில் தடங்கல் வந்தால், ‘எச்சரிக்கைகளைப் பெற முடியவில்லை அல்லது எச்சரிக்கை ஏதும் இல்லை’ என்ற பொருளில் ஒரே வரியைத் திருப்பித் தருகிறது. கற்றுக்கொள்பவருக்கான பாடத்தில் அது பொறுத்துக்கொள்ளக் கூடியது. கடலுக்குப் போகிறவர் கேட்கும் கருவியில் கூடவே கூடாது. வலை இணைப்பு அறுந்ததும் வானம் தெளிந்ததும் ஒரே வரியில் வந்தால், மாடல் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பயனர் விரும்பும் பதிலின் பக்கம்தான் அது பெரும்பாலும் சாயும்.

ஆகவே எச்சரிக்கைக் கருவியை அடியிலிருந்து எழுதுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்புகளையோ, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சச்சேத் எச்சரிக்கைகளையோ மூலமாகக் கொள்ளலாம். விளக்கத்தை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் குமரிக்கடல் பகுதிக்கும் இப்போது நடப்பில் உள்ள அதிகாரபூர்வ எச்சரிக்கைகளைத் தரும். பயனர் கடலுக்குப் போவது, கடற்கரைக்குப் போவது, புயல், கனமழை ஆகியவற்றில் எதைப் பற்றிக் கேட்டாலும், முன்னறிவிப்பைச் சொல்வதற்கு முன் இந்தக் கருவியை அழைக்க வேண்டும். நிலப்பகுதி எச்சரிக்கையும் மீனவர் எச்சரிக்கையும் தனித்தனியாக வரும்; ஒன்றை வைத்து மற்றதை முடிவு செய்யக் கூடாது. பேரலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகள் இதில் இல்லை. அவற்றுக்குக் கடல் அலைக் கருவியை அழைக்க வேண்டும். நிலை “கிடைக்கவில்லை” என்று வந்தால் எச்சரிக்கை இல்லை என்று பொருளல்ல. தகவல் பெற முடியவில்லை என்பதையே பயனரிடம் சொல்ல வேண்டும்.’

இதை நீளம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு தவறான ஊகத்தை அடைக்கிறது. நிலமும் கடலும் தனி என்ற வாக்கியம் ஏன் வேண்டும்? மாவட்டத்துக்குப் பச்சை நிறம் காட்டிய நாளிலேயே குமரிக்கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் அப்பகுதிக்குச் செல்ல வேண்டாம் என்று தனி அறிவிப்பு இருக்கலாம். வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாகத் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் மாவட்ட நிலப்பரப்பைப் பற்றியவை. விளக்கத்தில் இது இல்லாவிட்டால் ‘மாவட்டம் பச்சை’ என்பதிலிருந்து ‘கடலும் பச்சை’ என்று மாடல் ஒரே தாவலில் போய்விடும்.

கள்ளக்கடலைத் தனியே குறிப்பிட்டதற்கும் காரணம் உண்டு. தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன; இதுதான் கள்ளக்கடல். அவை வந்து சேரும்போது உள்ளூரில் காற்றே இல்லாமல் இருக்கலாம், வானம் வெயிலாக இருக்கலாம். காற்றையும் மழையையும் மட்டும் தரும் கருவியைக் கேட்டால், அது உண்மையைச் சொல்லியே ஆளை ஆபத்தில் தள்ளும். 2024 மே மாதம் கணபதிபுரம் அருகே கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்த நேரத்தில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. ஆகவே உங்கள் முன்னறிவிப்புக் கருவியின் விளக்கத்தில் ‘இந்தக் கருவிக்கு அலையைப் பற்றி எதுவும் தெரியாது, இதன் விடையை மட்டும் வைத்துக் கடல் அமைதியாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது’ என்று பச்சையாக எழுதுங்கள். கருவி என்ன தரும் என்று எழுத எல்லாருக்கும் தோன்றுகிறது. என்ன தராது என்பதை எழுதுவதுதான் அபூர்வம். உங்களைப் போன்ற வேலையில் இரண்டாவதுதான் உயிரைக் காக்கும்.

ஓபன்-மீட்டியோவில் கடல் அலைக்குத் தனி ஏபிஐ இருக்கிறது. அலை உயரமும் நெடும்பயண அலையின் உயரமும் அதில் தனித்தனியாகக் கிடைக்கும். ஆனால் கரையை ஒட்டி அதன் துல்லியம் குறைவு என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். அந்த எச்சரிக்கையையும் விளக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். சேவை தருபவரின் ஆவணத்தில் இருப்பது மாடலுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, முன்னறிவிப்பு எப்போது வெளியானது என்ற விவரம். 2017 நவம்பர் 29ஆம் தேதி குமரிக்கடலை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, 30ஆம் தேதி காலையில் ஒக்கி புயலாகிவிட்டது. நம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் அந்த ஒரு நாள் என்ன செய்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடலில் நேற்று மாலை எடுத்துச் சேமித்து வைத்த முன்னறிவிப்பை இன்று காலை தருவது தகாது. கருவியின் விடையில் ‘வெளியான நேரம்’ என்று ஒரு புலம் வையுங்கள். ‘பயனருக்குப் பதில் சொல்லும்போது வெளியான நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஆறு மணி நேரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் மீண்டும் அழைக்க வேண்டும்’ என்று விளக்கத்தில் எழுதுங்கள். ஆறு என்பது என் தேர்வு. உங்கள் மூலம் எத்தனை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்று பார்த்து அதை மாற்றிக்கொள்ளலாம்.

இனி அதிகாலை 3 மணிக் குளறுபடி. ஓபன்-மீட்டியோவில் நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் வரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நாளை 12ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். குளச்சலில் 12ஆம் தேதி அதிகாலை 3 மணி என்பது கிரீன்விச் கணக்கில் 11ஆம் தேதி இரவு 9.30. மாடல் ‘12’ என்ற நாளின் கீழே தேடுகிறது. வள்ளம் இறக்கும் நேரமோ ‘11’ என்ற நாளின் கீழே கிடக்கிறது. 3 மணி என்று எழுதியிருக்கும் வரிசையை அது எடுத்துத் தந்தால், அது உண்மையில் காலை 8.30 மணியின் காற்று. அந்த நேரத்தில் பலர் கரைக்கே திரும்பியிருப்பார்கள். நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று நிரலிலேயே நிலையாக வைத்துவிடுங்கள், மாடலிடம் கேட்காதீர்கள். மாடல் மாற்றத் தேவையே இல்லாத ஒன்றை உள்ளீடாக வைப்பது அது தவறு செய்ய ஒரு கதவைத் திறந்து வைப்பதுதான். விளக்கத்தில் ‘எல்லா நேரங்களும் இந்திய நேரம்’ என்று ஒரு வாக்கியம் போதும்.

தேதியைப் பற்றியும் ஒன்று. இன்று என்ன தேதி என்று மாடலுக்குத் தானாகத் தெரியாது. ஒவ்வோர் உரையாடலின் தொடக்கத்திலும் இந்திய நேரத்தில் தேதியையும் மணியையும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ‘நாளை’ என்பதைத் தேதியாக மாற்றுவது மாடலின் வேலை என்றால், உள்ளீட்டின் விளக்கத்தில் அதைச் சொல்லி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் ஒரு மாதிரியையும் காட்டுங்கள். நள்ளிரவு தாண்டி அரை மணிக்கு ஒருவர் ‘நாளை காலை’ என்று கேட்டால், அவர் விடியப்போகும் காலையைத்தான் பெரும்பாலும் சொல்கிறார். அந்த நேரத்துக் கேள்விகளுக்கு ‘எந்தத் தேதி என்று ஒருமுறை கேட்டு உறுதி செய்து கொள்ளவும்’ என்று எழுதுவது நல்லது.

‘கெட் வெதர்’, ‘கெட் ஃபோர்காஸ்ட்’ இரண்டையும் மாடல் குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. எனக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒன்று இப்போதைய நிலை, மற்றது வரும் நாள்கள் என்று கடிதத்தின் இணைப்பைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டையும் கலைத்துவிட்டு, கேள்வி கேட்பவரின் தேவையை ஒட்டிப் பிரியுங்கள்: மணிக்கணக்கிலான முன்னறிவிப்பு ஒன்று, நாள்கணக்கிலான முன்னறிவிப்பு ஒன்று. ரப்பர் பால் வெட்டுபவரின் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாளைக்குப் பால் வெட்டலாமா?’ என்றால் அவருக்கு வேண்டியது நாளின் மொத்த மழை அல்ல. நள்ளிரவிலிருந்து காலை வரை பட்டை நனையுமா, வெட்டிய பிறகு சிரட்டையில் மழைநீர் விழுமா என்பதே. நாள் முழுவதற்கும் 20 மில்லிமீட்டர் என்று வந்தால், அது மாலை 4 மணிக்குப் பெய்யும் இடிமழையாக இருக்கலாம்; அவருடைய வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும். கும்பப்பூ நெல் அறுவடைக்கு நாள் குறிப்பவருக்கோ ஐந்தாறு நாள்களின் போக்கு வேண்டும், மணிக்கணக்கு அவரைக் குழப்பும். ஆகவே மணிக்கணக்குக் கருவியின் விளக்கத்தில் ‘கடலுக்குப் புறப்படுதல், பால் வெட்டு, பயணம் போன்று குறிப்பிட்ட நேரத்தைச் சார்ந்த கேள்விகளுக்கு, அடுத்த 48 மணி நேரத்துக்கு மட்டும்’ என்றும், மற்றதில் ‘அறுவடை, திருமணம், கட்டட வேலை போன்று நாள் தேர்வு செய்யும் கேள்விகளுக்கு’ என்றும் எழுதுங்கள். நம் மக்களின் வேலைகளைப் பெயர் சொல்லியே எழுதுங்கள். மாடல் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு சரியான கருவிக்கு வரும்.

மழை அளவைச் சொல்லும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறையின் ஒரு நாள் மழை என்பது காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தின் கணக்கு. ஏபிஐ தரும் நாள் நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. இரண்டையும் ஒப்பிட்டு ‘முன்னறிவிப்பு பொய்த்தது’ என்று மாடல் சொல்லிவிடும். கனமழை என்ற சொல்லுக்கும் துறை எல்லை வகுத்திருக்கிறது: 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை கனமழை, அதிலிருந்து 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. விடையிலேயே எண்ணோடு இந்தப் பெயரையும் நிரல் மூலம் சேர்த்து அனுப்புங்கள். 30 மில்லிமீட்டரைக் கனமழை என்று மாடல் அழைப்பது நின்றுவிடும்.

அலகுகளைப் புலத்தின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ‘காற்று: 12’ என்று வந்தால் என்ன பொருள்? மணிக்கு 12 கிலோமீட்டர் என்றால் இலேசான காற்று. 12 நாட் என்றால் மணிக்கு 22 கிலோமீட்டர். வினாடிக்கு 12 மீட்டர் என்றால் 43 கிலோமீட்டர், சிறு வள்ளம் கரையில் இருக்க வேண்டிய காற்று. ஓபன்-மீட்டியோ வழக்கமாகக் கிலோமீட்டரில் தருகிறது; ஓபன்வெதர் சேவையோ நீங்கள் வேறு சொல்லாவிட்டால் வினாடிக்கு மீட்டரில் தருகிறது. நாளைக்கு நீங்கள் சேவையை மாற்றினால் இந்த ஒரு புலம் சத்தமில்லாமல் பொய் சொல்லத் தொடங்கும். காற்றின் திசை எங்கிருந்து வீசுகிறது என்பதையும், நீரோட்டத்தின் திசை எங்கே போகிறது என்பதையும் குறிக்கும். இரண்டையும் தரும் கருவி என்றால் அதையும் சொல்லியாக வேண்டும்.

முட்டத்துக்கு வருகிறேன். தொடுபுழா அருகே ஒரு முட்டம் இருக்கிறது, ஆலுவா அருகே மெட்ரோ நிலையம் உள்ள இன்னொரு முட்டம் இருக்கிறது. ஊர்ப் பெயரை உலகத் தேடலுக்கு அனுப்பினால் இப்படித்தான் ஆகும். உங்கள் பயனர்கள் ஒரே மாவட்டத்தவர். துறைமுகங்களும் ஊர்களும் அடங்கிய பட்டியலை நீங்களே தயாரித்து, உள்ளீட்டை அந்தப் பட்டியலுக்குள் அடைத்துவிடுங்கள்: சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம், குலசேகரம், பேச்சிப்பாறை, தோவாளை என்று. முட்டமும் சின்னமுட்டமும் வேறு வேறு ஊர்கள் என்று ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். ‘கொளச்சல்’, ‘தேங்காப்பட்டணம்’ என்று மக்கள் எழுதும் வடிவங்களை நிரல் ஏற்றுக்கொள்ளட்டும். வடக்கு 8 முதல் 8.6 டிகிரி, கிழக்கு 77 முதல் 77.6 டிகிரி என்ற எல்லைக்கு வெளியே இடம் விழுந்தால் வெறும் பிழை எண்ணைத் தராமல், ‘இந்த இடம் குமரி மாவட்டத்தில் இல்லை, எந்த ஊர் என்று பயனரைக் கேட்கவும்’ என்று திருப்பி அனுப்புங்கள். பிழைச் செய்தியும் மாடல் படிக்கும் விளக்கம்தான், அதற்கும் இதே கவனம் வேண்டும். ‘கன்னியாகுமரி’ என்று மட்டும் கேட்டால் ஊரா, மாவட்டமா என்று கேட்க வைப்பதும் அவசியம். முனையில் வெயில் காயும்போது பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் மழை கொட்டுவது நமக்கு வழக்கம்.

கணிப்பு மாதிரி நிலப்பரப்பை எவ்வளவு பெரிய கட்டங்களாகப் பிரிக்கிறது என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். உலகளாவிய கணிப்பு மாதிரிகளில் ஒன்றான ஜிஎஃப்எஸ் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் கட்டங்களில் தரவைத் தருகிறது. அந்தக் கணக்கில் நம் மாவட்டம் முழுவதும் ஒரு சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கி வீசும் காற்றை அந்தக் கட்டம் பார்க்காது. ‘தெரு அளவிலோ தோட்ட அளவிலோ துல்லியம் கோர வேண்டாம்’ என்று எழுதினால், ‘உங்கள் தோட்டத்தில் 5.20க்கு மழை நிற்கும்’ என்பது போன்ற பதில்கள் குறையும்.

விளக்கத்தைத் தமிழில் எழுதலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். எழுதலாம். ஆனால் பெரும்பாலான மாடல்களில் தமிழ் உரை ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன்களை (மாடல் உரையைப் பிரித்துக் கணக்கிடும் துண்டுகளை) செலவழிக்கும், விளக்கமோ ஒவ்வோர் அழைப்பிலும் கூடவே போகும். ஆங்கிலத்தில் எழுதி, பயனர்கள் வழங்கும் சொற்களை மட்டும் தமிழிலேயே எடுத்துக்காட்டாக உள்ளே வைப்பது சிக்கனமானது.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்றிவிட்டு ‘இப்போது நன்றாக இருக்கிறது’ என்று முடிவு கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் இதுவரை வந்த உண்மையான கேள்விகளை, பெயரும் எண்ணும் நீக்கி எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி, எந்த ஊர், எந்தத் தேதி, எந்த மணி என்று சரியான அழைப்பை எழுதுங்கள். இந்த வேலைக்குக் குளச்சலில் கடலுக்குப் போகிற ஒருவரையும் பால் வெட்டுகிற ஒருவரையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியின் பொருள் அவர்களுக்குத்தான் தெரியும். பிறகு ஒரு விளக்கத்தை மாற்றுவது, எல்லாக் கேள்விகளையும் ஓட்டிப் பார்ப்பது, அடுத்ததை மாற்றுவது. இணையத்தைத் துண்டித்தும், எச்சரிக்கைப் பட்டியலை வெறுமையாக்கியும் தனித்தனியாகச் சோதியுங்கள். இரண்டுக்கும் ஏஜென்ட் ஒரே பதில் சொன்னால் வெளியிடாதீர்கள்.

‘கடலுக்குப் போகலாம்’ என்ற தீர்ப்பை ஏஜென்ட் எந்த நாளிலும் சொல்லக் கூடாது. எச்சரிக்கை நிலை, காற்று, அலை, வெளியான நேரம் ஆகியவற்றைச் சொல்லி நிறுத்திக்கொள்ளட்டும். வானிலை சாதகமாக இருந்தாலும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் இருக்கலாம். அதிலும் நம் மாவட்டத்துக்கு இரண்டு தடைகள்: சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரையின் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்குக் கடற்கரையின் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உங்கள் வானிலைக் கருவிகள் எதற்கும் இது தெரியாது. ‘கடலுக்குப் போகலாம்’ என்று சொல்லக் கூடாது என்ற விதியை விளக்கத்தை மட்டும் நம்பி விடாமல், பதில் வெளியே போவதற்கு முன் நிரலிலும் ஒரு சரிபார்ப்பு வையுங்கள்.

மாடலை மாற்றும் கேள்வியை இதற்குப் பிறகு எடுங்கள். விளக்கங்கள் சீரானதும் அதே கேள்விகளை இப்போதைய மாடலிலும் அதைவிடச் சிறியதிலும் ஓட்டிப் பாருங்கள். சிறியதே தேறினால் மாதச் செலவு குறையும். அந்தப் பணத்தில் கடல் அலைத் தரவை அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளலாம்.